மூன்றாம் ஓலை நின்றுபோன காரணம்

சேசு மரி சூசை துணை

பாகலூர் ரோடு, ஓசூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் டெல்வினுக்கு, அம்மா நெற்றியில் முத்தமிட்டு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்காலும் எனக்கு வாயும் மட்டும் வழக்கம்போல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ குஜராத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழி எதையும் நீ எனக்கு வைக்கவில்லை. கையில் போன் இருக்க இதென்ன காகிதத்தில் என்று யோசிப்பாய். போன வாரம் உன்னிடமிருந்து என் போனுக்கு ஒரு காலண்டர் அழைப்பு வந்தது, அம்மா கால், ஞாயிறு எட்டரை முதல் எட்டே முக்கால் வரை, வாராவாரம் என்று போட்டு, கீழே வருவேன், வரமாட்டேன், பார்க்கலாம் என்று மூன்று பொத்தான். பெற்றவளுக்குக் கால் மணி நேரம் அளந்து ஒதுக்கிய முதல் பிள்ளை எங்கள் தெருவில் நீதான். அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, வருவேன்னு அமுக்கிடு ஜெயா, அதுவும் போயிடப்போவுது என்றார். நான் வரமாட்டேன் என்பதை அமுக்கினேன், அது உனக்கு வந்து சேர்ந்திருக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது கால் மணி நேரத்துக்குள் அடங்காது, நடுவில் ஒரு நிமிஷம்மா என்று சொல்லி என்னை வைத்துவிட்டு இன்னொருவனோடு பேசப் போகவும் இதில் உன்னால் முடியாது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகப் படி.

உன் கேள்விக்கு வருகிறேன். நம் கோவில் பாட்டுக்குழு ரோஹன் உனக்குச் செய்தி சொல்லிவிட்டான், இந்த ஞாயிறு உங்கள் மூன்றாம் ஓலையை வாசிக்கவில்லை, யாரோ தடை சொல்லிவிட்டார்களாம் என்று. உடனே நீ அப்பாவுக்கு எழுதினாய், ஆப்ஜெக்ஷன் ரெய்ஸ் பண்ணது யாரு, ரூட் காஸ் என்ன, எப்போ குளோஸ் ஆகும் என்று. அப்பா அதைப் படித்துவிட்டு, இவன் கல்யாணத்தைப் பத்திக் கேக்கறானா கன்வேயர் பெல்ட்டைப் பத்திக் கேக்கறானா என்று என்னைக் கேட்டார். ஈஸ்டர் கழிந்து மே மாதத்தில் உனக்கும் அனிட்டாவுக்கும் கல்யாணம் என்பது உன் காலண்டரிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். நீ கோவில் பக்கம் தலைகாட்டி நாளாகிவிட்டதால் ஞாபகப்படுத்துகிறேன், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவேண்டும் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். மூன்று ஓலையும் வாசிக்காமல் எந்தச் சாமியாரும் தாலியை மந்திரித்துத் தரமாட்டார். உங்களுக்கு முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் ஆயிற்று, மூன்றாவது நின்றுபோயிற்று, அது வாசிக்கிற வரைக்கும் மே மாதக் கல்யாணம் அந்தரத்தில்தான் நிற்கும். தடை சொன்னது யார் என்று சொல்லத்தான் போகிறேன், அவசரப்படாதே, வீட்டுச் சமாசாரம் இரண்டு கேட்டுவிட்டு அதற்கு வருவோம். எப்போதும் நீதானே என்னைக் காத்திருக்க வைக்கிறாய்.

அப்பா ரிட்டயர் ஆகி வருஷம் திரும்பியும் முதல் ஷிப்டுக்கு எழுகிற பழக்கம் போகவில்லை. எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் பால் வாங்கப் போகிறார். உனக்கு இதை நாங்கள் சொல்லவே இல்லை, மாலை சால்வை சுவர்க்கடிகாரத்தோடு வழியனுப்பி வைத்தார்களே, அதற்கு மறுநாள் காலை இருட்டு விலகுமுன் ரோட்டு முனைக்குப் போய் நின்றிருக்கிறார், தான் இல்லாமல் கம்பெனி பஸ் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க. அது வழக்கத்தைவிட முன்னாலேயே போய்விட்டதாம். டிரைவர் ஆரன் அடித்துக் கையைக்கூட ஆட்டினாராம். அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் மறுநாள் தானே என்னிடம் சொல்லிச் சிரித்தார். இப்போது சாயங்காலம் பழைய கம்பெனி ஆட்களோடு கோவில் மைதானத்தில் ஷட்டில் ஆடுகிறார்கள், ஆட்டத்தைவிடச் சண்டை அதிகம். வீட்டிலும் பழகுகிறேன் என்று மொட்டை மாடியில் நின்று ஒரு அடி அடித்தார் பார், பந்து பறந்துபோய் பக்கத்து வீட்டு சரோஜம்மாள் காயப்போட்டிருந்த கூழ் வடகத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா தெலுங்கில் ஆரம்பித்து தமிழுக்கு வந்து கன்னடத்தில் முடித்தார். கோபம் ஆறினதும் சுவர்மேல் எட்டி, பெள்ளி எப்புடு ஜெயா என்று கேட்டார், கல்யாணம் எப்போது என்று தினம் ஒரு தடவை அவருக்குக் கேட்டாக வேண்டும். இத்தனை நாளும் மே மாசம் என்று தெம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது வடகம் நல்லா வெள்ளையா வந்திருக்கே என்று பேச்சை மாற்றுகிறேன்.

என் வேலையும் ஓடுகிறது. காதலர் தினத்துக்கு முன்னால் எங்கள் ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் நிற்க நேரமில்லை, சூப்பர்வைசர் பேகா பேகா என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டே இருந்தார், நாங்களும் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, இலை கழித்து, மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டி, கட்டுக்கட்டாக அட்டையில் சுற்றி கோல்டு ரூமுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம். எந்தெந்த நாட்டிலோ எந்தெந்தப் பையனோ எந்தெந்தப் பெண்ணுக்கோ கொடுக்க உன் அம்மா நான் கையில் முள் குத்தக் குத்தப் பூ கட்டினேன். என் வீட்டுப் பையன் நிச்சயம் பண்ணின பெண்ணுக்கு ஒரு பூ அனுப்பினானா என்று நான் கேட்கவில்லை, எனக்கு விடை தெரியும். இருக்கட்டும். தவக்காலம் வந்ததும் கோவில்களுக்குப் பூ போவது நின்றுவிடும், பீடத்தில் பூ வைக்கமாட்டார்கள் அல்லவா, ஆனால் சூசையப்பர் திருவிழாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்காகப் பூ வாங்க முந்தின நாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வேன் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. வேன் ஓட்டி வந்தவர் பெயர் ராஜப்பன். கல்யாணம் பண்ணப்போகிற ஜோடிகளுக்குக் கல்யாண வகுப்பு நடத்துகிற இல்லத்தில்தான் அவருக்கு வேலை, வேன் ஓட்டுவார், டீ கொண்டுவந்து வைப்பார், நாற்காலி போடுவார். பொங்கல் கழிந்து நீயும் அனிட்டாவும் மூன்று நாள் வகுப்புக்குப் போனீர்களே, அதே இல்லம். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பூ கட்டுகிற வரைக்கும் நின்றுகொண்டு பேச்சுவாக்கில் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எங்க இல்லத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஜோடி வந்துச்சும்மா, அந்தப் பையன் எந்த ஊரு புண்ணியவானோ தெரியல, பாதி நாளு வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு போன்ல அந்த வால்வைத் திற, இந்த சென்சாரைக் கழட்டுன்னு கத்திக்கிட்டே இருந்தான், கடைசி நாளு மத்தியானத்துக்கு மேல உள்ளயே வரலே. அன்னைக்கு சிஸ்டர் ஒருத்தரு பேசணும் இன்னொருத்தரு குறுக்க பேசாம கேக்கணும்னு எதிரெதிரா உக்கார வெச்சாங்க, எல்லாரும் ஜோடி ஜோடியா உக்காந்தாங்க, அந்தப் பொண்ணு மட்டும் காலி நாற்காலியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் டீ வெக்கப் போனேன், சிஸ்டர் என்னைக் கையப் புடிச்சு அந்த நாற்காலியில உக்கார வெச்சிட்டாங்க, நீங்க கேளுங்க ராஜப்பன்னு. அது பேசுச்சும்மா. என்ன பேசுச்சுன்னு சொல்லமாட்டேன், அது அந்தப் பொண்ணக் கட்டிக்கப்போறவன் கேக்கவேண்டிய பேச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. பாதியில அதுவே நிறுத்திட்டு, அண்ணா டீ ஆறுது, எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் குடுங்கன்னு சொல்லிருச்சு. இப்படிச் சொல்லிவிட்டு ராஜப்பன் பூவை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். வால்வு, சென்சார் என்று கேட்டதுமே எனக்கு அந்தப் புண்ணியவான் எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது. ஓசூர், பாகலூர் ரோடு. கையில் இருந்த கட்டுக்கு ஒரு பூ அதிகமாகவே வைத்துக் கட்டியிருந்தேன் என்று சூப்பர்வைசர் பிறகு சொன்னார்.

இனி உன் ரூட் காஸுக்கு வருவோம். தடை சொன்னது நான்தான். மறுநாள் சூசையப்பர் பூசை முடிந்ததும் அப்பாவைக்கூடக் கேட்காமல் நேரே சாமியார் பங்களாவுக்குப் போனேன். இரண்டு ஓலையிலும் தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று வாசித்தார்களே, எனக்கு ஒன்று தெரியும், சொல்ல வந்தேன் என்றேன். சாமியார் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னம்மா, உங்க பையன் கல்யாணத்துக்கு நீங்களே தடை சொல்றீங்களா, பொண்ணு பிடிக்கலீங்களா என்று கேட்டார். பொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சாமி, அதனாலதான் சொல்றேன் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார், நெருங்கின இரத்த உறவாக இருந்தால் தடை, ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தால் தடை, குருப்பட்டம் வாங்கியிருந்தால் தடை, நேரமில்லாதவன்னு ஒரு தடை திருச்சபைச் சட்டத்துல எங்கேயும் இல்லீங்களே என்றார். இல்லேன்னா மேல எழுதிச் சேத்துக்கச் சொல்லுங்க சாமி, எங்க ஊர்ல அதுக்கு நிறைய ஆள் தேறும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கடைசி நாள் வகுப்பில் உட்காராமலேயே நீ சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். காலையில் கையெழுத்துப் போட்டவன் மத்தியானம் மரத்தடியில் நின்றது அவருக்கு எப்படித் தெரியும். வகுப்பை முழுசா முடிக்காம நான் மூணாவது ஓலை வாசிக்க முடியாதும்மா, இது விளையாட்டு இல்லை, பையன் நேர்ல வந்து அந்தக் கடைசி நாளை உக்காந்து முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நான் போட்டது சின்னத் தடை, அவர் போட்டதுதான் சட்டப்படியான தடை. கோபித்துக்கொள்வதாக இருந்தால் என்னிடமே கோபித்துக்கொள், அப்பாவுக்கு எழுதின மாதிரி செய்தி ஒன்றும் சாமியாருக்கு அனுப்பிவைக்காதே.

கோபம் வந்திருக்கும், தெரியும். வந்தால் வரட்டும், நீ கோபப்பட்டுக்கூட நாளாகிவிட்டது. இந்தக் கிறிஸ்மஸுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. அப்பா வைக்கோல் பரப்பி, ராகித் தாளால் கூரை போட்டு, ஒரு வாரம் மெனக்கெட்டு குடில் கட்டி சீரியல் லைட் போட்டிருந்தார். நீ வந்து இறங்கினதும் அந்த லைட்டைப் பிடுங்கிவிட்டு உன் லேப்டாப்பைச் சொருகினாய். குழந்தை இயேசு பிறந்த அன்றைக்கே இருட்டில் கிடந்தார், உன் லேப்டாப்புக்கு மட்டும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே தூங்கிப்போனாய், உன் கையைக் கழுவிவிட்டது அப்பாதான், உனக்குத் தெரியாது. அதற்கப்புறம் ஒரு ஞாயிறு பூசைக்குப் போனாயா என்று கேட்டதற்கு, கம்பெனியில் வகுப்பு இருந்தது அம்மா என்றாய், என்ன வகுப்பு என்றால் வேலையையும் வாழ்க்கையையும் சமமாக வைத்துக்கொள்வது எப்படி என்ற வகுப்பாம். அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திருக்கிறார்கள், வராதவர்களுக்கு ஆப்சென்ட். நான் அதை ஷெட்டில் சொன்னேன், பெண்கள் எல்லாம் பூக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கோவில் ரொம்ப தூரம், அதனால் போனில் பூசை பார்க்கிறேன் என்கிறாய், சரி, வழியில்லாதபோது அதுவும் நல்லதுதான். ஆனால் நேரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சாமியார் பீடத்தைச் சுற்றி ஓடுகிறாராம், பாட்டுக்குழு அணில் மாதிரி கீச்சிடுகிறதாம். அந்த வேகத்தில் நீ எதைக் கேட்டு ஜெபித்திருப்பாய், ஆண்டவருக்கும் அது காதில் விழுந்திருக்குமா, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கேலி பண்ணுகிறேனே தவிர உன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. புது பிளாண்ட்டை எழுப்ப ஓசூரிலிருந்து பிடித்து அனுப்பின ஆட்களில் நீதான் சின்னவன் என்று அப்பா ஷட்டில் ஆடுகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், என்னிடம் மட்டும் சொல்லமாட்டார். நான்கு மாசம் என்று போனாய், அது ஒன்றரை வருஷம் ஆயிற்று. எனக்குப் பெருமை இருக்கிறது, பயமும் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கோவிலில் கீபோர்டு வாசித்துவிட்டு வந்து தாளத்தை விடாமல் சாப்பாட்டு மேசையில் தட்டிக்கொண்டிருப்பாய், எரிச்சலாக வரும். இப்போது போனில் உன் குரல் கேட்டால் எல்லாம் ஒரே தாளத்தில் இருக்கிறது, ஓகேம்மா, சரிம்மா, பாக்கறேம்மா. நீ என்னிடம் எரிந்து விழுந்தால்கூட என் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்று நிம்மதியாக இருக்கும். உடம்பு இளைத்தால் ராகி மாவு அனுப்பித் தேற்றிவிடலாம். மனிதர்களே வேண்டாம் என்று பழகிப்போனால் அதற்கு நான் எந்த மாவை அனுப்புவது.

அனிட்டாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை இல்லை, பிரசவ வார்டு நர்ஸ், பிள்ளை பெற வருகிறவர்கள் காலண்டரைப் பார்த்து வலி எடுத்துக்கொண்டு வருவதில்லை. நைட் டியூட்டி முடிந்து கண் எரிய எரிய வந்தாலும் ஞாயிறு பூசைக்கு நிற்கிறாள், அவள் தங்கச்சியோடு சினிமாவுக்குப் போகிறாள், அப்பாவுக்கு முழங்கால் தைலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறாள். ஓலை நின்ற அன்று சாயங்காலம் டியூட்டி உடுப்போடேயே ஸ்கூட்டியை நம் வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். என்ன அத்தை, என் கல்யாணத்தை நிறுத்த நீங்க யாரு, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இந்த வீட்டுக்கு வாய் உள்ள பெண்தான் வரப்போகிறாள் என்று, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ராஜப்பன் சொன்னதைச் சொன்னேன். காலி நாற்காலி விஷயத்தை அவள் தன் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை டெல்வின், அவள் அம்மாவிடம்கூட. அப்போதும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, அங்க பிளாண்ட்டுல லைன் நின்னுபோச்சு அத்தை, அவரு என்ன பண்ணுவாரு, வேணும்னேவா பண்ணாரு என்றாள். முதல் ஓலை வாசித்த அன்று, இன்னைக்கு நம்ம பேரு வாசிச்சாங்க என்று உனக்குச் செய்தி போட்டாளாம், நீ ஒரு கட்டை விரலை அனுப்பினாயாம். அதையும் அவள் குறையாகச் சொல்லவில்லை, உடனே பதில் போட்டாரு அத்தை என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கட்டை விரலுக்கே பெருமைப்படுகிற அளவுக்கு அந்தப் பெண்ணை நீ பழக்கி வைத்திருக்கிறாய். இப்படிக் கொஞ்சத்தில் திருப்திப்பட அவளைப் பழக்கிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், நீயும் கொடுக்கமாட்டாய், வீடு அமைதியாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அதைத்தான் நான் தடை என்றேன்.

பிறகு அவள் கொஞ்சம் அழுதாள், நானும் அழுதேன், அப்பா படியிறங்கி வந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிப்போனார். காபி குடித்தோம். சரி அத்தை, அவரை வரச் சொல்லுங்க, ஆனா எனக்காகப் பரிதாபப்பட்டு வரவேணாம்னு சொல்லுங்க, அவருக்கே வரணும்னு இருந்தா வரட்டும், இல்லேன்னா அதையும் வாயைத் திறந்து சொல்லட்டும், நான் தாங்கிக்குவேன் என்றாள். இதை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். நீ அவளுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்பது உன் பொறுப்பு, நானோ அப்பாவோ நடுவில் வரமாட்டோம். அவள் வேண்டாம் என்று நீ நினைத்தால் அதையும் நேரில் வந்து சொல். எனக்கு வயிறு எரியும், ஆனாலும் சோறு போட்டுத்தான் அனுப்புவேன்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் அடுத்த கூட்டத்துக்குக் கல்யாண வகுப்பின் கடைசி நாள் நடக்கிறது. சாமியார் பேசி வைத்திருக்கிறார், நீங்கள் இரண்டு பேரும் அதில் போய் உட்கார்ந்து முடித்துவிட்டால் மறுநாள் ஞாயிறு இரண்டாம் பூசையில் மூன்றாம் ஓலை வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அனிட்டா டியூட்டியை மாற்றிக்கொண்டுவிட்டாள். அந்த வாரத்தில் உனக்கு ஆடிட் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயாம். நான் உன் மேனேஜரோடு பேசமுடியாது, நீதான் பேசவேண்டும், பேசுகிற தைரியம் உனக்கு இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அப்பா மட்டும் ஒன்று சொல்லச் சொன்னார், அவன் இல்லாம ரெண்டு நாளு லைன் நின்னா நின்னுட்டுப் போவுது, நிக்கலேன்னாத்தான் அவனுக்கு வருத்தமா இருக்கும், அதையும் இப்பவே பாத்துக்கட்டும் என்று.

கடைசியாக ஒன்று, இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். அனிட்டா கிளம்பும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன், ஓலை வாசிக்கிற பூசைக்கு நம்ம பொண்ணுங்க வெக்கப்பட்டு வரமாட்டாங்க, காலையில முதல் பூசைக்கே போயிட்டு வந்துடுவாங்க, நீ மட்டும் ரெண்டு ஞாயிறும் அந்தப் பூசைக்கே வந்து முன் பெஞ்சில உக்காந்திருந்தியே ஏன் என்று. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், அவரு பேரும் என் பேரும் சேந்து வர்ற இடம் இப்போதைக்கு அந்த ஒரு வரிதான் அத்தை, அதைக் கேக்கத்தான் வந்தேன் என்று. நான் கேட்டைத் திறந்துவிட்டேன். மூன்றாவது தடவை அந்த வரியை அவள் தனியாக உட்கார்ந்து கேட்கக்கூடாது. உன் கல்யாணத்துக்கு நான் சொன்ன தடை அவ்வளவுதான் கண்ணு.

உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், ஆண்டவரும் மாதாவும் உன்னோடு இருந்து வழிநடத்தட்டும். ராகி மாவும் கொள்ளுப்பொடியும் தனியாகப் பார்சலில் வருகிறது, கட்டி தட்டாமல் கிளறு, கிளறுகிற நேரத்திலாவது போனைக் கீழே வை. கம்பெனிச் சட்டையோடு கோவிலுக்கு வந்து நிற்காதே, உன் நீலச் சட்டைக்கு அப்பா இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்குத் தடை சொன்ன அன்பு அம்மா,
ஜெயசெல்வி அற்புதராஜ்